எவ்வளவு எடுக்கணும், எவ்வளவு விடணும்?

அப்பாவுக்குக் கிட்னியில் கட்டி என்று தெரிந்த அன்றைக்குச் சாயங்காலமே நாரணாபுரத்தில் பாதி ஊருக்கு விஷயம் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஓட்டை போட்டுப் பண்றதா, கிழிச்சுப் பண்றதா?"

அத்தை கேட்டார். எதிர்வீட்டு மதினி கேட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி போனிலேயே, "அக்கா, இப்பல்லாம் ரோபோதான். அதைத் தவிர வேற எதுக்கும் ஒத்துக்காதீங்க" என்றான். எங்கள் ஊர்ப் பக்கம் பித்தப்பைக் கல்லில் இருந்து கர்ப்பப்பை வரைக்கும் எந்த ஆபரேஷன் என்றாலும் இந்த ஒரு கேள்விதான். ஓட்டை என்றால் நல்லது, கிழித்தால் கெட்டது. அவ்வளவு எளிதாகப் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த மூன்று வாரம் சிவகாசி, விருதுநகர், மதுரை என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், அது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி என்பது புரிந்தது. முதல் கேள்வி வேறு. கிட்னியை முழுசாக எடுப்பதா? கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் கிட்னியை உள்ளேயே விடுவதா? அதை முடிவு செய்த பிறகுதான் எந்த வழியாக உள்ளே போவது என்ற பேச்சே.

அப்பாவுக்கு 59 வயது. பட்டாசு ஆலையில் போர்மேன். சுகர் வந்து 14 வருஷம் ஆகிறது, பிரஷர் அதற்குப் பிறகு வந்தது. காலையில் ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலை முடிந்துவிட வேண்டும் என்பது அவருக்கு வேதம். வீட்டில் தீப்பெட்டியைக்கூட அடுப்பில் இருந்து நாலடி தள்ளித்தான் வைக்க விடுவார். ஆனால் சட்டைப் பையில் மட்டும் பல வருஷம் பீடிக்கட்டு இருந்தது. ஆலை வாசலில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார், சாயங்காலம் வாங்கிக்கொண்டு வருவார்.

கட்டி தெரியவந்ததே தற்செயல்தான். ஆனி மாசம் வயிறு உப்புசம் என்று சொல்லி, பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கப் போனார். பித்தப்பையில் ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்த டாக்டர் இடது பக்கம் கருவியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாராம். ரத்தமாகச் சிறுநீர் போகவில்லை, வலி இல்லை, எடை குறையவில்லை. இந்தக் காலத்தில் கிட்னிக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படி வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் கண்ணில் படுகின்றனவாம். கிட்னி முதுகுப்பக்கம் கொழுப்புக்குள் புதைந்து கிடப்பதால், உள்ளே ஒரு கட்டி தேங்காய் அளவுக்கு வளர்ந்தாலும் வெளியே காட்டிக்கொடுக்காது.

சி.டி. ஸ்கேனில் அளவு வந்தது: 8.2 சென்டிமீட்டர். ஒரு கிட்னியின் மொத்த நீளமே 10, 12 சென்டிமீட்டர்தான் என்று டாக்டர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆலையில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே சந்தேகம், மருந்துத் தூள்தான் காரணமோ என்று. டாக்டர் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. "பீடி உண்டா? எத்தனை வருஷம்? பிரஷர் எப்ப இருந்து?" என்று வரிசையாகக் கேட்டார். புகை, உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, இந்த மூன்றும் கிட்னிப் புற்றுநோய்க்கு வழி விடுபவை என்று நன்றாகவே தெரிந்தவை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதோடு பீடி நின்றது.

முதலில் பார்த்த சர்ஜன் நல்ல அனுபவசாலி. படத்தைப் பார்த்தார், இரண்டு நிமிஷத்தில் சொன்னார். "ஏழு சென்டிமீட்டருக்கு மேல போயிருச்சும்மா. முழுக் கிட்னியையும் எடுத்துரலாம். லேப்ராஸ்கோபியிலேயே பண்ணலாம். மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கிட்னிக் கட்டிகளை அளவு வைத்துப் பிரிக்கிறார்கள். 4 சென்டிமீட்டர் வரை ஒரு வகை, 4 முதல் 7 வரை அடுத்தது, 7க்கு மேல் பெரிய கட்டி. சின்னக் கட்டி என்றால் முடிந்தவரை அதை மட்டும் எடுத்துவிட்டுக் கிட்னியைக் காப்பாற்றுவார்கள். பெரிய கட்டி என்றால் முழுக் கிட்னியையும் அதைச் சுற்றியிருக்கிற கொழுப்போடு சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். "ஒரு கிட்னி போதும். தானம் கொடுத்தவங்க எல்லாம் நல்லா இல்லையா?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. 1869-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் குஸ்தாவ் சைமன் என்ற சர்ஜன்தான் திட்டமிட்டு ஒரு கிட்னியை முதன்முதலாக எடுத்தவர். ஒரு கிட்னியோடு மனிதர் பிழைப்பாரா என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்துவிட்டு, பிறகு மார்கரெத்தா க்ளெப் என்ற பெண்ணுக்குச் செய்தார். அந்த அம்மா பிழைத்தார். நூறு வருஷம் கழித்து, 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. அன்றில் இருந்து இன்றுவரை எத்தனையோ அம்மாக்களும் அண்ணன்மார்களும் ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு வயலுக்கும் ஆபீசுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் தானம் கொடுப்பவருக்கு சுகர் இருந்தால் பெரும்பாலும் எடுக்கவே மாட்டார்களே! அவர்களைச் சல்லடை போட்டுச் சலித்து, இரண்டு கிட்னியும் முழு ஆரோக்கியமாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதானே ஒன்றைத் தொடுவார்கள்? அப்பாவுடைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.5 என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி. கட்டி, கட்டி என்று பதறியதில் வீட்டில் யாரும் அந்த அம்புக்குறியைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டது, மதுரையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள். வாட்ஸப்பில் ரிப்போர்ட்டை அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் வந்தது. "அக்கா, பெரியப்பாவுக்கு மிச்சம் இருக்கப்போற கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்தாங்களா?"

அவள் சொல்லித்தான் டி.டி.பி.ஏ. ஸ்கேன் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. கையில் ஒரு ஊசி போட்டு, எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கிற ஸ்கேன். வெறும் படம் அல்ல, யார் எத்தனை மூட்டை தூக்குகிறார்கள் என்கிற கணக்கு. அதை எடுத்துப் பார்த்தால், கட்டி இருக்கிற இடது கிட்னிதான் பாதிக்கும் கொஞ்சம் மேலாக வேலை செய்துகொண்டிருந்தது. நூற்றுக்கு 52. நல்ல கிட்னி என்று நாங்கள் நினைத்த வலது பக்கம் 48.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் இரண்டாவது சர்ஜனிடம் போனோம். அவர் அறைச் சுவரில் சிவகாசியில் அச்சான காலண்டர் தொங்கியது. நான் காலண்டர் கம்பெனியில் கணக்கு பார்ப்பவள், கண் தானாக அதில் போய் நின்றது. ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளியிட வேண்டிய நேரம். கம்பெனியில் எல்லாரும் ராத்திரி பகலாக நிற்கும்போது நான் லீவு போட்டு மதுரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவரைக்கொட்டை மாதிரி ஒரு கிட்னியை வரைந்தார். அதன் கீழ்நுனியில், வெளிப்பக்கமாக ஒரு உருண்டை.

"ஐயா, இதே எட்டு சென்டிமீட்டர் கிட்னி நடுவுல, ரத்தக்குழாய் நுழையிற இடத்துல புதைஞ்சு இருந்தா, நான் வேற எதுவும் பேச மாட்டேன். முழுசா எடுக்கணும்னு சொல்லிருவேன். உங்களுக்குக் கீழ்முனையில தொங்குது. பெரும்பகுதி வெளியிலதான் இருக்கு. கட்டியோட கீழ்ப்பாகத்தை வெட்டி எடுத்தா, மேலே பாதிக்கு மேல நல்ல கிட்னி மிஞ்சும்."

அப்பா கேட்டார், "அப்ப எதுங்க நல்லது?"

"புத்துநோயை மட்டும் பார்த்தா முழுசா எடுக்கிறது சுலபம், சீக்கிரம் முடியும். ரத்தச்சேதம் கம்மி. உங்க சுகரையும் சேர்த்துப் பார்த்தா பாதியைக் காப்பாத்துறது நல்லது. முழுசா எடுத்தா இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சு மிச்சக் கிட்னியையும் சுகர் அரிச்சுதுன்னா டயாலிசிஸ்ல போய் நிக்கும்."

இப்படிப் பெரிய கட்டியிலும் பாதியைக் காப்பாற்றப் பார்ப்பது இவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. ஒரே கிட்னி இருப்பவர், ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருப்பவர் என்றால், 7 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும் செய்ய முடிகிற இடத்தில் இருந்தால் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

வீட்டில் இதைச் சொன்னதும் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "கேன்சர்ங்கிறாங்க, அதுல போய் மிச்சம் வைக்கிறதா? வேரோட எடுக்க வேண்டாமா?" என்றான். அவன் பயம் எனக்கும் இருந்தது. அதனால் அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. 2011-ல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். 541 நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி பாதிப் பேருக்கு முழுக் கிட்னியையும், பாதிப் பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து முழுசாக எடுத்தவர்களில் சுமார் 81 சதவீதம் பேரும், பாதி எடுத்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறு!

"பார்த்தீங்களா?" என்றான் தம்பி, போனில் ஸ்பீக்கரில்.

"முழுசாக் கேளுங்க தம்பி" என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் அந்தக் கிட்னிப் புற்றுநோயால் இறந்தவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் வேறு காரணங்களால் போனவர்கள். சேர்ந்தவர்களுக்குக் கட்டி 5 சென்டிமீட்டர் வரைதான். எல்லாவற்றுக்கும் மேல், அவர்கள் அத்தனை பேருக்கும் இன்னொரு கிட்னி நன்றாக இருந்தது. "நல்ல ரெண்டாவது கிட்னி இருக்கிறவருக்கு, பாதியைக் காப்பாத்தணும்னு நான் அடம்பிடிக்க மாட்டேன். உங்கப்பா அந்தக் கூட்டத்துல இல்லை."

எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. தனக்குச் சாதகமில்லாத கணக்கையும் அவரே எடுத்துச் சொன்னார் பாருங்கள், அதனால்.

சரி, அடுத்தது தெருவே கேட்ட கேள்வி. ஓட்டையா, கிழிக்கிறதா?

லேப்ராஸ்கோபியில் வயிற்றில் மூன்று நான்கு துளை போட்டு, கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவையும் நீளமான கருவிகளையும் விடுவார்கள். 1990-ல் அமெரிக்காவில் ரால்ஃப் க்ளேமன் என்ற சர்ஜன் இந்த முறையில் முதன்முதலாக ஒரு கிட்னியை எடுத்தபோது கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆனதாம். நோயாளி 85 வயது மூதாட்டி. இப்போது பல ஊர்களிலும் நடக்கிற ஆபரேஷன். முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டும் என்றால், கட்டி பெரிதாக இருந்தாலும் பழகிய கைகளுக்கு இது நல்ல வழி. வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

இதில் நம் ஜனங்களுக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. ஓட்டை வழியாகவே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். அறுத்து விடுவித்த கிட்னியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையைக் கட்டி, முழுசாக வெளியே எடுக்க வேண்டும். உள்ளேயே துண்டு போட்டால் செல்கள் சிதறக்கூடும், எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று பரிசோதிப்பதும் கெட்டுப்போகும். தேங்காய் அளவு பையை ஒரு விரல் அளவுத் துளையில் எப்படி எடுப்பது? அடிவயிற்றில் ஒரு கீறல் போட்டுத்தான் எடுக்கிறார்கள். சிசேரியன் தழும்பு வருகிற இடம் என்று சொன்னால் பெண்களுக்குச் சட்டென்று புரியும்.

ரோபோ என்றால் இயந்திரம் தானாக ஆபரேஷன் செய்வது இல்லை. டாக்டர்தான் அதே அறையில் ஒரு பெட்டிக்குள் முகம் வைத்து உட்கார்ந்து கையை ஆட்டுவார். அந்த அசைவு கருவியின் நுனியில் வரும். மணிக்கட்டு மாதிரி அது எல்லாப் பக்கமும் வளையும் என்பதால், கட்டியை வெட்டிய இடத்தில் வேகமாகத் தையல் போட வசதி. கட்டியை மட்டும் எடுக்கிற ஆபரேஷனில் ரோபோவுக்கு மவுசு வந்ததற்கு அதுதான் காரணம். தனியாரிடம் மட்டும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் ரோபோ வந்துவிட்டது.

அந்த வேகம் ஏன் முக்கியம் என்றால், இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குப் போகிறது. அப்படியே வெட்டினால் ஊற்று மாதிரி பீய்ச்சும். அதனால் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு வெட்டுகிறார்கள். ரத்தம் நின்ற நிமிஷத்தில் இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 25, 30 நிமிஷத்துக்குள் வெட்டி, தைத்து, கிளிப்பை எடுத்துவிட வேண்டும். தாண்டத் தாண்ட, காப்பாற்ற நினைத்த கிட்னியே வாடிப்போகும். வயிற்றைத் திறந்து செய்தால் ஒரு சௌகரியம் உண்டு. கிட்னியைச் சுற்றி ஐஸ் துருவலைக் கொட்டிக் குளிர வைக்கலாம். குளிர்ந்த கிட்னி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு விவாதம் முடிந்தது. 8 சென்டிமீட்டர் கட்டி, ஏற்கெனவே களைத்த கிட்னி, அரை மணிக்குள் முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத வேலை. டாக்டர் சொன்னார், "ரோபோ உள்ள ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அவங்க பண்றேன்னா தாராளமாப் பண்ணிக்கோங்க. என் கையில இருந்தா நான் திறந்து, ஐஸ் போட்டுத்தான் பண்ணுவேன். தழும்பு பெரிசா இருக்கும்." ரோபோவுக்கு விசாரித்த இடத்தில் லட்சக்கணக்கில் கைக்காசு கட்ட வேண்டியிருந்தது. திறந்து செய்வதற்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. காசும் ஒரு காரணம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. தம்பி கடன் வாங்கவும் தயாராகத்தான் இருந்தான்.

(காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பம் என்றால், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கிற மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. நோய் வந்த பிறகு ஓடுவதை விட நல்லா இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு விருதுநகர் அலைச்சல் இல்லாமல் போனது, முன்பே எடுத்து வைத்திருந்ததால்தான்.)

ஒருத்தரைச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அப்பாவை.

"தீபாவளி முடியட்டும் தாயி. சீசன்ல போர்மேன் இல்லாம எப்படி?"

டாக்டரிடமே விட்டுவிட்டோம். ரெண்டு வாரம், மூணு வாரம் தள்ளினால் இந்தக் கட்டி குடி முழுகிப்போக வைக்காது, ஐப்பசி வரைக்கும் என்றால் முடியாது என்றார். இன்னும் வளர்ந்து ரத்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டால், பாதியைக் காப்பாற்றும் பேச்சே போய்விடும். அப்பா ஆலையில் போய் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தார். சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது கண் கலங்கினார் என்று கூட வேலை பார்ப்பவர் பிறகு சொன்னார். எங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி இரண்டு கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று கட்டியை மட்டும் எடுப்பதற்கு. இன்னொன்று, உள்ளே போய்ப் பார்த்து முடியாது என்றால் முழுக் கிட்னியையும் எடுப்பதற்கு. இரண்டாவது தாளில் அப்பா வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டார்.

நாலரை மணி நேரம். வெளியே வந்த டாக்டர் முதலில் சொன்னது, "கிட்னி உள்ளேதான் இருக்கு." ஐஸ் போட்டு, 38 நிமிஷம் ரத்தத்தை நிறுத்தியிருந்தார்களாம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மாரியம்மன் படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதோடு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் பாதி எடுக்கிற ஆபரேஷனுக்கு ஒரு விலை உண்டு, அதை நாங்கள் கொடுத்தோம். கிட்னியை வெட்டித் தைத்த இடத்தில் இருந்து சிறுநீர் கசிய ஆரம்பித்தது. பக்கவாட்டில் வைத்திருந்த குழாய் வழியாகப் பைக்கு வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று ஒரு வாரம் போனது. கடைசியில் சிறுநீர்க் குழாய்க்குள் ஒரு மெல்லிய ட்யூப் வைத்தார்கள், ஸ்டென்ட் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகும் நாலு நாள். இப்படிக் கசியலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார். சொன்னதைக் கேட்பதும் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒன்றா?

பக்கத்துக் கட்டிலில் சாத்தூர் பக்கத்து அண்ணன் ஒருவர். அவருக்கும் பெரிய கட்டி, 9 சென்டிமீட்டர். ஆனால் சுகர் இல்லை, இன்னொரு கிட்னி கல் மாதிரி இருந்தது. லேப்ராஸ்கோபியில் முழுக் கிட்னியையும் எடுத்தார்கள். மறுநாள் நடந்தார், நாலாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு, "வர்றேன் மாமா, ஒடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அப்பாவிடம் சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா என்னிடம், "அவுகளுக்கும் அப்படியே முழுசா எடுத்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பாகள்ல?" என்று கேட்டார். இருந்திருப்பார்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவருக்குக் கதையே வேறு. கட்டி கிட்னியின் ரத்தக்குழாய்க்குள் புகுந்து, வயிற்றின் பெரிய ரத்தநாளம் வரைக்கும் வேர் விட்ட மாதிரி நீண்டிருந்தது. அவருக்கு ஓட்டையா ரோபோவா என்று யாரும் பேசவில்லை. வயிற்றை அகலத் திறந்து, ரத்தநாளத்தைப் பிரித்து, கட்டியை இழுத்தெடுத்துத் தைத்தார்கள். அவர் மகன்கள் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க வராண்டாவில் நின்றார்கள். அவரும் பிழைத்தார். ஒரே வார்டு, மூன்று பேருக்கும் கிட்னியில் பெரிய கட்டி, மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆபரேஷன்.

அப்பா பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். விலா எலும்புக்குக் கீழே இருந்து முன்வயிறு வரைக்கும் முக்கால் அடித் தழும்பு. இருமினாலும் தும்மினாலும் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக் கூடாது.

பயாப்சி ரிப்போர்ட் அதற்குள் வந்திருந்தது. புற்றுநோய்தான். ஆனால் வெட்டிய ஓரத்தில் எங்கும் புற்றுநோய்ச் செல் இல்லை, கொழுப்பிலோ ரத்தக்குழாயிலோ பரவவில்லை என்று எழுதியிருந்தது. திரும்ப வரக்கூடிய அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஊசி மருந்து போடுவது இப்போது உண்டாம். அப்பாவுக்கு அது தேவையில்லை, ஸ்கேன் மட்டும் போதும் என்றார்கள். தம்பி ஓசூரில் இருந்து வந்து அந்த ரிப்போர்ட்டை மூன்று தடவை வாசித்தான். பிறகு அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆறு மாசம் கழித்து எடுத்த கிரியாட்டினின் 1.7. முன்பு 1.5. கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, அங்கேயே நிற்கிறது. முழுசாக எடுத்திருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். ரெண்டுக்கும் மேலே இருந்திருக்கலாம் என்றார். வீட்டில் இப்போது அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் தடை. கருவாட்டை அம்மா கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார். மருந்துக்கடையில் மூட்டுவலிக்கென்று சும்மா வாங்கிப் போடும் மாத்திரை அறவே கூடாது. அது மிச்சக் கிட்னியை நேராகத் தாக்கும் என்று டாக்டர் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா அந்தச் சீட்டை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஆலைக்கு இப்போது பத்து மணிக்குப் போகிறார். மேற்பார்வை மட்டும், எதையும் தூக்குவதில்லை. அடுத்த ஸ்கேன் மாசியில்.